அரை ஆள்

நீர்வேலி
3-4-1991

அன்பின் அத்தான்,

நீங்கள் ஜெர்மனி போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். அந்தக் குளிரில் உங்கள் மூச்சிழுப்பு கூடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் யோசனை. நானும் மகள் அருந்ததியும் சுகமாக இருக்கிறோம். வெடிச்சத்தம் தூரத்தில்தான் கேட்கிறது. நல்ல செய்தி இவ்வளவும்தான். இனி நான் உங்களோடு சண்டை பிடிக்கப் போகிறேன், ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

மண்ணெண்ணெய் அடியோடு இல்லை. விளக்குக்கே இல்லாதபோது தண்ணீர் இறைக்கிற மிசினுக்கு எங்கே போவது? உங்கள் அண்ணை அருளம்பலம் பெரியத்தானின் மிசின் சாக்குப் போர்த்துக் கிடக்கிறது. பங்குக் கிணற்றுக்காரர் எல்லாரும் சேர்ந்து, வேலியோரம் வருசக்கணக்காய்க் கிடந்த பழைய துலாவைத் திரும்பத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். அருந்ததிக்கு இது புதினம். அந்த நெடுமரத்தின் மேலே ஆள் முன்னுக்கு நடக்க வாளி கிணற்றுக்குள் போவதையும், பின்னுக்கு நடக்கத் தண்ணீரோடு வருவதையும் வாய் மூடாமல் பார்க்கிறாள்.

பார்ப்பதற்கு மட்டும்தான் அது எங்களுக்கு. விடியப்புறம் பெரியத்தான் வேலிக்கு மேலால் கூப்பிடுகிறார். தில்லைநாதன்ரை முறை, மார்க்கண்டுவின்ரை முறை என்று. எங்கள் நாள் வந்தால் உங்கள் பேரைச் சொல்லி, பரமலிங்கத்தின்ரை முறை என்று ஊர் கேட்கக் கூப்பிட்டுவிட்டு, தானே ஏறி மிதித்துத் தன் மிளகாய்க்குத் தண்ணீரைத் திருப்புகிறார். போய்க் கேட்டேன். "தம்பி போகேக்கை தன்ரை முறையை என்னட்டைத்தான் விட்டிட்டுப் போனவன். உமக்கு முறை வேணுமெண்டால் துலாவுக்கு ஒரு ஆளைக் கொண்டு வாரும், பாப்பம்" என்றார். ஆள் எங்கே இருக்கிறது? இருக்கிற ஆம்பிளைகள் தங்கள் தோட்டத்தில். மற்றவர்கள் உங்களைப் போலப் போய்விட்டார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டா போனீர்கள்? காணி என் சீதனம். தண்ணீர் உங்கள் பேரில். அந்தக் காணியையும் புருசன் கையெழுத்தில்லாமல் நான் குத்தகைக்குக்கூட விட முடியாது என்று அவர் சட்டம் சொல்கிறார். சொல்லிவிட்டு, தனக்கே குத்தகைக்கு எழுதச் சொல்லியும் கேட்கிறார்.

அடுப்படிக் கூரையில் பிடிபிடியாய்த் தொங்குகிற விதை வெங்காயம் முளை காட்டத் தொடங்கிவிட்டது. இந்த மாதக் கடைசிக்குள் மண்ணில் வைக்காவிட்டால் சருகாகிவிடும். இது போனால் அடுத்த போகத்துக்கு விதை இல்லை. இந்த நாளில் விதை வாங்க எங்கே போவேன்? எங்களுக்கு வேறு வருமானமும் இல்லை. உங்களுக்கு இது தெரியாததல்ல.

நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. முறையை மீனாம்பிகையிடம் கொடுக்கவும் என்று பங்குக்காரருக்கு ஒரே ஒரு வரி எழுதிவிடுங்கள். புல்லுப் பிடுங்க இராசாத்தி வருகிறாள். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிற பெர்னடெட்டும் வருகிறாள். அவர்களுக்கு ஊர் வழக்கப்படி அரை ஆள் கூலிதான். ஆனால் வேலையில் அரை இல்லை. நடுவதற்குக் கை இருக்கிறது, மண் இருக்கிறது, விதை இருக்கிறது. தண்ணீர் மட்டும் உங்கள் வாயில் இருக்கிறது.

இப்படிக்கு,
மீனாம்பிகை


ஜெர்மனி
6-5-1991

அன்புள்ள மீனாவுக்கு,

உம்முடைய கடிதத்தைப் படுக்கையில் இருந்து வாசித்துவிட்டு, பிறகு வெளியே போய் நின்றும் வாசித்தேன். ஒரு அறையில் நாலு பேர் இருக்கிறோம், முகத்தை வைத்துக்கொள்ள இடம் இல்லை. இழுப்பு பரவாயில்லை. இங்கே வெயில் வந்துவிட்டது, ஆனால் அதில் சூடு இல்லை.

நீர் கோபிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அண்ணைக்கு நான் எப்படி அப்படி எழுதுவது? பெரியம்மாவின் மகன் என்றாலும் கூடப்பிறந்தவர் மாதிரி வளர்ந்தவர். நான் வெளிக்கிட்ட நாளில், வீட்டைப் பற்றி யோசிக்காதை என்று சொன்னது அவர் ஒருவர்தான். மிசின் ஓடிய காலத்தில் இரண்டு தோட்டத்துக்கும் அவர்தானே இறைத்தார்? அந்த நினைப்பில்தான் முறையை அவரிடம் விட்டேன். மிசின் நிற்கும் என்று நான் கண்டேனா? உம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை. அது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

இன்னொன்று. உம்மை எனக்குத் தெரியும். ஆள் எங்கே இருக்கிறது என்று நீர் கேட்டு எழுதியிருக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நீரே துலாவில் ஏறுகிற எண்ணம் இருந்தால் இந்தக் கடிதத்தோடு விட்டுவிடும். நான் சின்ன வயதிலிருந்து மிதித்தவன். கால் ஒருக்கால் பிசகினால் கிணறு வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது. பொம்பிளை துலா ஏறினால் ஊற்று அடைபடும் என்று அப்பு சொல்லுவார். நான் அதை நம்பவில்லை. ஆனால் ஊர் நம்பும். நாளைக்குக் கிணறு கொஞ்சம் இறங்கினாலும் உம்முடைய தலையில் போடுவார்கள். தூரத்தில் இருந்துகொண்டு அதை நான் எப்படித் தாங்குவேன்?

ஆகவே கையெழுத்து வைத்து ஒரு தாள் இதற்குள் வைத்திருக்கிறேன். காணியை இந்த ஒரு போகத்துக்கு அண்ணையிடமே விடும். விளைவதில் ஒரு பங்கு வீட்டுக்கு வரும். நீரும் பிள்ளையும் வெயிலில் காயாமல் இருக்கலாம். என் அகதி விண்ணப்ப அலுவல் சரிவந்ததும் உங்கள் இருவரையும் கூப்பிடுவேன். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தை ஆர் பார்க்கப் போகிறார்கள்?

கடைசி வரியை எழுதிவிட்டு வெட்டப் பார்த்தேன். வெட்டவில்லை.

அன்புடன்,
பரமலிங்கம்


நீர்வேலி
20-5-1991

அன்பின் அத்தான்,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. விதை பதிலுக்காகக் காத்திருக்காது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். கோபிப்பதென்றால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

போன மாதக் கடைசியில் எங்கள் நாள் வந்தது. பரமலிங்கத்தின்ரை முறை என்று பெரியத்தான் கூப்பிட்டபோது நான் கிணற்றடியில் நின்றேன். பெர்னடெட் பக்கத்தில், சீலையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கொண்டு. இராசாத்தி வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"ஆள் எங்கை?" என்று கேட்டார்.

"வந்திருக்குது பெரியத்தான்."

"ஆர்?"

"நாங்கள் ரெண்டு பேரும்."

தில்லைநாதன் மாமா சிரித்தார். பெரியத்தான் சிரிக்கவில்லை. ஊற்று அடைபடும் என்றார். ஆம்பிளைகள் தண்ணீர் குடிக்கிற கிணறு என்றார். கிணற்றுக் கட்டில் ஆர் ஆர் நிற்கலாம் என்ற கதையும் இழுபட்டது. பெர்னடெட் சிலுவை போட்ட வேதக்காரி, கடற்கரை ஆள், அதைத்தான் சுற்றி வளைத்துச் சொன்னார்கள். ஒன்றுக்கும் நான் அசையவில்லை என்று கண்டதும் கடைசியாய் வழக்கத்தைப் பிடித்தார். "ஒரு பங்குக்குத் துலாவிலை ஒரு ஆள்தான். ரெண்டு பேர் ஏறேலாது. அதுதான் இஞ்சை வழக்கம்."

அத்தான், நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. "பொம்பிளையள் அரை ஆள் எண்டுதானே எல்லாரும் கூலி குடுக்கிறம். அரையும் அரையும் எத்தினை?"

மார்க்கண்டு அண்ணை வாளியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். "கணக்குச் சரிதானே அருளம்பலம்" என்றார். பெரியத்தான் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு விலகி நின்றார்.

ஏறினோம். மரம் காலுக்குக் கீழே மூச்சு விடுவதுபோல அசைந்தது. கைமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பெர்னடெட் எனக்கு முன்னால் நடந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "நிண்டால்தான் அக்கா விழுவம். நடந்தால் விழமாட்டம். வள்ளமும் உப்பிடித்தான்." அவள் ஊரில் பொம்பிளை வள்ளத்தில் கால் வைக்கக் கூடாதாம். ஆரும் இல்லாத நேரம் ஏறி நின்று பார்த்திருக்கிறாளாம். "அங்கை வள்ளம், இஞ்சை துலா. ரெண்டும் மரந்தானே."

முதல் வாளி பாதித் தண்ணீரோடு வந்தது. இராசாத்தி அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்த்தபோது அந்தச் சத்தம் மேலே எங்களுக்குக் கேட்டது. பிறகு கால் பழகியது. கீழே பார்க்க வேண்டாம் என்று பெர்னடெட் சொல்லியிருந்தாள், நான் பார்த்தேன். அவ்வளவு ஆழத்தில் வட்டமாய் ஒரு வானம், அதில் இரண்டு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து வேலிக்குள்ளேயே நின்று இந்த ஊரைப் பார்த்தவள். எங்கே போனாலும் இரண்டு பக்கமும் கிடுகு. மேலே நின்று பார்த்தால் வேலியே இல்லை. சிவப்பு மண் ஒரே தரையாய்க் கிடக்கிறது, வாழைத் தோட்டங்கள், வாய்க்கால்கள், அங்கங்கே எங்களைப் போலவே மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டு வேறு துலாக்கள். கிழக்கே தரவை வெளிக்கு அப்பால் கடலேரி உப்பாறு வெள்ளைக் கோடாய் மின்னியது. பெர்னடெட் அதைக் கண்டதும் அழுதுகொண்டே நடந்தாள். நடையை நிறுத்தவில்லை. இடம்பெயர்ந்த நாளிலிருந்து அவள் பெரிய தண்ணீரைக் காணவில்லை.

இவ்வளவு காலமும் இது எங்கள் தலைக்கு மேலே இருந்திருக்கிறது. நீங்கள் ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறங்கி வந்து இருந்தபோது என் உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தது. கலியாணம் செய்த புதிதில் உங்கள் காலைப் பார்த்து, இதென்ன பனஞ்சிராம்பு மாதிரிக் கரடுமுரடாய் என்று நான் பகிடி பண்ணியது நினைவு வந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதிலிருந்து இதைச் செய்துவிட்டு, வாய் திறவாமல் இருந்து சாப்பிட்டு எழும்பிப் போன மனிசனா நீங்கள்? என்னால் நம்ப முடியவில்லை.

வெங்காயம் எல்லாப் பாத்தியிலும் வைத்தாயிற்று. கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் போகிறது. பச்சை பிடித்துவிட்டது. வானத்தில் சத்தம் கேட்டால் மட்டும் இறங்கி வாழைக்குள் இருப்போம். பயப்பட வேண்டாம்.

மீனாம்பிகை


ஜெர்மனி
27-6-1991

அன்புள்ள மீனா,

முதலில் கோபித்தேன். நீர் சொன்னபடி கடைசி வரை வாசித்துவிட்டுத்தான். நான் வேண்டாம் என்று எழுதிய கடிதமும் நீர் ஏறிவிட்டேன் என்று எழுதிய கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நல்ல காலம், என்னுடையது பிந்தியது.

இங்கே ஒரு தோட்டக்காரன் எங்கள் அகதி முகாமில் சில பேரைப் பழம் ஆய வைத்திருக்கிறான். சிவப்பாய், நிலத்தோடு கிடக்கிற சின்னப் பழம். குனிந்தபடி நாள் முழுக்க ஆய வேண்டும். போலந்து நாட்டுப் பொம்பிளைகளும் வருகிறார்கள். இங்கே ஆளுக்குக் கூலி இல்லை, கூடைக்குத்தான். அவர்களில் என் அம்மா வயதில் ஒருத்தி பாட்டுப் பாடிக்கொண்டு இரண்டு கூடை நிரப்புகிற நேரத்தில் எனக்கு ஒன்று நிரம்புவதில்லை. நேற்று அவள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டுத் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி என்னுடையதில் போட்டாள். அரையும் அரையும் எத்தினை என்று நீர் கேட்டது நினைவு வந்து, வரம்பில் இருந்து தனியாகச் சிரித்தேன். இங்கே நான்தான் அரை ஆள்.

துலாவின் மேலே இருந்து என்ன தெரியும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர். இரண்டு மூன்று நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். மீனா, எனக்கு ஒன்றும் நினைவில்லை. என் கால் நினைவிருக்கிறது. மரத்தில் எந்த இடத்தில் கணு இருக்கிறது என்று இப்போதும் சொல்லுவேன். கீழே அப்பு நின்று, கெதியா மிதி, கெதியா மிதி என்று சொன்னது கேட்கிறது. ஆனால் நான் ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உப்பாறு அங்கிருந்து தெரியும் என்பதை நீர் எழுதித்தான் நான் அறிகிறேன். எனக்கு உம்மை நினைத்து அதிசயமாக இருக்கிறது. வேறு சொல் தெரியவில்லை.

என் காலைப் பற்றி எழுதியதை மட்டும் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டவில்லை. மற்றதெல்லாம் அறையில் இருக்கிற மூன்று பேருக்கும் வாசித்தேன். அதில் ஒரு பெடியன் கரவெட்டிப் பக்கம். தன் தாய்க்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான்.

போன கடிதத்தில் வந்த தாளைக் கிழித்துவிடும். இதோடு வேறொன்று வருகிறது. பங்குக்காரர் எல்லாருக்கும் எழுதியிருக்கிறேன். முறை இனி மீனாம்பிகையுடையது, அதில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை என்று. அண்ணை மனம் நோவார். நோகட்டும். ஏப்ரலில் எழுதியிருக்க வேண்டியது.

கிணறு எப்படி இருக்கிறது? இறங்கிவிட்டதா? உண்மையை எழுதும்.

பரமலிங்கம்


நீர்வேலி
18-8-1991

அன்பின் அத்தான்,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே ஆளின் கையில் ஒரே நாளில் வந்தன. எது முந்தியது என்று திகதி பார்த்துத்தான் வாசித்தேன். வேண்டாம் என்று ஏசியதையும் அதிசயம் என்று எழுதியதையும் அடுத்தடுத்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் தாளைக் கிழிக்க மனம் வரவில்லை. இங்கே கடுதாசிக்குப் பஞ்சம். கையெழுத்து உள்பக்கம் வர மடித்து அருந்ததி தன் கணக்குக் கொப்பிக்கு உறை போட்டுவிட்டாள்.

கிணற்றைக் கேட்டீர்கள். ஆனி மாதம் முழுக்க ஊரே எட்டி எட்டிப் பார்த்தது. தில்லைநாதன் மாமாவின் மனிசி விளக்குமாறும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போவா. கிணறு இறங்கவில்லை அத்தான். ஏறியது. இந்தக் கோடையில், மழை ஒரு துளி இல்லாமல், முந்தி எந்தக் கோடையிலும் நனையாத படிக்கல் வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. விடியப்புறம் போய்ப் பார்த்தால் கறுப்பாய், ஒரு சுருக்கமும் இல்லாமல், கிட்ட வந்து இருக்கும். கும்பிட வேண்டும் போல இருந்தது, கும்பிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியும். ஊரில் ஒரு மிசினும் ஓடவில்லை, ஆரும் உறிஞ்சவில்லை, நிலம் தன் தண்ணீரைத் தானே வைத்திருக்கிறது. பொம்பிளைகள் மிதித்ததால்தான் ஊற்று திறந்தது என்று மார்க்கண்டு அண்ணையின் வீட்டில் கதைக்கிறார்கள். அது பிழை என்று சொல்லப் போனேன். பெர்னடெட் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அடைபடும் எண்டு சொல்லேக்கை நீங்கள் மறுத்தனீங்களோ அக்கா? இப்ப மட்டும் என்னத்துக்கு?" இராசாத்தி சிரித்த சிரிப்பில் வாளி நழுவி உள்ளே விழுந்துவிட்டது. நான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

வெங்காயம் கிண்டியாயிற்று. பெரியத்தானே வந்து ஒரு பிடியைத் தூக்கிப் பாரம் பார்த்தார். அவருடைய வெங்காயமும் அதே மண், அதே கிணறு. எங்களுடையது சோடை போகவில்லை. பிடியை வைத்துவிட்டு மண்ணைத் தட்டிக்கொண்டு போனார். விதைக்கு நல்லதாய்த் தெரிந்தெடுத்துக் கூரையில் கட்டிவிட்டேன். அடுப்படிக்குள் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவு. மிச்சம் கொடிகாமம் சந்தைக்கு சைக்கிளில் போனது.

இராசாத்தியும் பெர்னடெட்டும் இந்தப் போகம் முழு ஆள் கூலி வாங்கினார்கள். நானாகக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். துலாவால் இறங்கிய அன்றே இராசாத்தி கேட்டாள், "அக்கா, அரையும் அரையும் எத்தினை எண்டு அவையட்டைக் கேட்டியள். உங்கடை தோட்டத்திலையும் அதே கணக்கோ?" என்று. பக்கத்துத் தோட்டக்காரர் நான் ஊர் வழக்கத்தைக் கெடுக்கிறேன் என்கிறார்கள். கெடட்டும்.

எங்களைக் கூப்பிடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தை ஆர் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை நான் திருப்பி உங்களிடம் தருகிறேன். நீங்கள் வந்து ஒரு விடியப்புறம் என்னோடு மேலே ஏறி, கெதியா மிதி என்று ஆரும் சொல்லாமல், ஒருக்கால் நிமிர்ந்து பாருங்கள். பிறகு எங்கே இருப்பது என்று இரண்டு பேரும் கதைப்போம்.

பங்குக்காரருக்கு நீங்கள் எழுதிய தாளை நான் இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் இருந்தேன். உங்கள் கடிதங்கள் வந்ததற்கு அடுத்த நாள் எங்கள் முறை, அடுத்த பயிருக்கு மண்ணை நனைக்க வேண்டும். தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, இறைப்பு முடிந்ததும் பெரியத்தானிடம் நீட்டுவோம் என்று நினைத்துக்கொண்டு நேரத்தோடே போனேன். மற்றவர்களுக்கு முன்னமே நானும் பெர்னடெட்டும் ஏறி நின்றோம். கிழக்கே உப்பாறு அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது.

பெரியத்தான் வழக்கம்போல வேலிக்கு மேலால் கூப்பிட்டார். "மீனாம்பிகையின்ரை முறை."

நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆரோ ஒருவரின் முறையாக்கும், இறங்கி விட வேண்டும் போல என்றுதான் நினைத்தேன். அவர் இன்னொருக்கால் கூப்பிட்டார். பெர்னடெட் திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்களைத்தான்" என்றாள்.

மீனாம்பிகை